பல் நோகும் பூனைக்கு என்ன கொடுக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு 9 வயது. இவ்வளவு காலமும் உலர் உணவை நன்றாகச் சாப்பிட்டது. இப்போது கோப்பையை வைத்ததும் ஓடி வருகிறது. ஒன்றைக் கவ்வியதும் தலையை உதறிக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுகிறது. வாயில் நாற்றம், வீணீரும் வடிகிறது. எந்தச் சாப்பாட்டுக்கு மாற்றலாம்? மென்மையான சாப்பாடு கொடுத்தால் பல் இன்னும் கெட்டுவிடும், கடினமானதுதான் பல்லைச் சுத்தமாக்கும் என்கிறார்கள் அயலவர்கள்.
– வாசகி, பாலையூற்று

பதில்: ஓடி வருகிறது என்றால் பசி இருக்கிறது. கவ்வியதும் விடுகிறது என்றால் வாய் நோகிறது. நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருப்பதால் இது சாப்பாட்டை மாற்றுவதோடு முடிகிற காரியம் அல்ல. மிருக வைத்தியரிடம் காட்டும் வரைக்கும், காட்டிய பின்னரும், பூனை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சாப்பாடு.

முதலில் வாயைப் பாருங்கள். வாயை அகலத் திறக்க வேண்டியதில்லை, திறந்தால் கடிக்கும். பூனை அமைதியாக இருக்கும்போது பின்னாலிருந்து கன்னத்தோரம் மேலுதட்டைப் பெருவிரலால் மெல்ல உயர்த்தினால் போதும். மேல்வரிசைப் பெரிய கடைவாய்ப் பல்லில் மஞ்சளும் கபிலமுமாகப் பற்காரை படிந்திருக்கிறதா, பல்லும் முரசும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சில பற்களின் அடியில் முரசு பல்லின்மேல் ஏறி வளர்ந்ததுபோல ஒரு சிவந்த புள்ளி தெரியும். அந்தப் பல் உள்ளே கரைந்துகொண்டிருக்கக்கூடும். பூனைகளுக்கு அடிக்கடி வருகிற, கடும் நோவு தருகிற நோய் இது. தொண்டைப் பக்கமாக வாயின் இரு ஓரமும் இறைச்சி நிறத்தில் வீங்கியிருந்தால் அது வாய் முழுவதையும் பிடிக்கிற நாட்பட்ட அழற்சி. இந்த இரண்டையும் எந்தச் சாப்பாட்டாலும் மாற்ற முடியாது.

அயலவர்கள் சொல்வது பலரும் நம்புகிற விஷயம், ஆனால் சரியல்ல. பூனையின் கடைவாய்ப் பற்கள் எங்களுடையவை போல அரைக்கும் பற்கள் அல்ல, வெட்டும் பற்கள். சாதாரண உலர் உணவு பல்லின் நுனி பட்டதும் நொறுங்கிவிடும், இல்லையென்றால் முழுதாகவே விழுங்கப்படும். முரசோரத்தில் இருக்கும் பற்காரையை அது தொடுவதே இல்லை. பல்லுக்கென்றே பெரிய துண்டாக, நார் சேர்த்துச் செய்கிற விசேஷ உணவுகள் இருக்கின்றன. அவை நல்ல வாயைக் காப்பதற்கானவை. நோகிற வாய்க்கு அவற்றைக் கொடுப்பது கொடுமை.

ஆகவே இன்றே மாற்றுங்கள். நல்லது ஈரமான பைக்கற் அல்லது டின் உணவு. அதிலும் மாப்போல மசித்த வகையை எடுங்கள். துண்டும் குழம்புமாக இருப்பதை வாங்கினால் குழம்பை நக்கிவிட்டுத் துண்டை விட்டுவிடும். பார்ப்பவருக்குச் சாப்பிட்டது போலத் தெரியும், உடம்பு மெலிந்துகொண்டே போகும். அந்த வகைதான் கிடைத்தால் முள்ளுக்கரண்டியால் நசுக்கி, ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துக் கொடுங்கள். பைக்கற்றில் ‘கொம்ப்ளீட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘கொம்ப்ளிமென்டரி’, ‘ட்ரீட்’ என்று இருந்தால் அது நொறுக்குத் தீனிதான், அதை மட்டும் கொடுத்துப் பூனையை வைத்திருக்க முடியாது.

அளவில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வேண்டும். 85 கிராம் பைக்கற் ஒன்றில் பெரும்பாலும் 60 முதல் 80 கலோரிதான் இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கொடுத்தால் போதாது. மூன்று பைக்கற் தேவை. அது செலவு என்றால் அரைவாசி பைக்கற்றாகவும் அரைவாசி ஊறவைத்த உலர் உணவாகவும் கொடுக்கலாம். உலர் உணவு மட்டும் என்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம். அதை நான்கு நேரமாகப் பிரித்து, ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு மேசைக்கரண்டி உணவுக்கு அதே அளவு இளஞ்சூட்டு நீர் விட்டு 15 முதல் 20 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கடினமான பருப்புப்போல ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் ஊற வேண்டும். நோகிற பல்லில் போய் இடிப்பது அந்த நடுப்பகுதிதான்.

சாப்பாடு பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு போகக் கூடாது. வீங்கிய முரசில் குளிர் பட்டால் சுரீரென்று நோகும், வாசனையும் எழாது. பைக்கற்றை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். ஆழமான கிண்ணம் வேண்டாம், தேநீர்ப் பீரிஸ் போன்ற தட்டையான பாத்திரம் நல்லது. திருகோணமலை வெயிலில், அதுவும் கச்சான் காற்றுக் காலத்தில், ஈரச் சாப்பாடு அரை மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது. மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வையுங்கள்.

எடையைக் குறித்து வாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் அது பாரதூரம். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடாவிட்டால் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

கேள்வி: உப்புவெளியில் கரைவலை இழுத்த பிறகு சூடை, கீரி எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது. பல் நோகும் எங்கள் பூனைக்கு மீனை அவித்துச் சோற்றோடு குழைத்துக் கொடுத்தால் போதாதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: சில நாளைக்குப் போதும். மாதக் கணக்கில் போதாது. எங்கள் பக்கத்துப் பூனைகள் சோறும் மீனும் தின்று வளர்கின்றனவே என்பீர்கள். அவை எலி, பல்லி, ஓணான் என்று பிடித்துத் தின்று குறையை நிரப்பிக்கொள்கின்றன. வாய் நோகும் பூனையால் வேட்டையாட முடியாது.

மீனில் கவனிக்க வேண்டியவை சில. பச்சையாகக் கொடுக்காதீர்கள். சூடை, சாளை போன்ற இனங்களில் சிலவற்றின் பச்சை உடலில் விற்றமின் பி1-ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது. தொடர்ந்து தின்றால் பூனை தலை தொங்கித் தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும். சூரை மீனின் கறுத்த சதையை நாள்தோறும் கொடுத்தாலும் கெடுதி: விற்றமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி, தொட்டாலே நோகும். கருவாட்டில் உப்பு அதிகம், வாய்ப்புண்ணில் எரியும். சொதியில் ஊறிய மீனும் வேண்டாம், அதில் வெங்காயமும் உள்ளியும் இருக்கும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

முள்தான் பெரிய பிரச்சினை. சின்ன மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க முடியாது. குடலையும் தலையையும் அகற்றிவிட்டு, பிரஷர் குக்கரில் மீன் பாதி மூழ்கும் அளவு நீர் விட்டு, முதல் விசிலுக்குப் பின் அடுப்பைக் குறைத்து 30 நிமிடம் விடுங்கள். ஆறியதும் நடுமுள்ளை இரு விரலுக்கிடையில் அழுத்துங்கள். மாவாக மசிந்தால் சரி, குத்தினால் மறுபடி வேகவையுங்கள். பாரை போன்ற பெரிய மீனென்றால் சதையை மட்டும் கிள்ளியெடுத்து, விரலால் தடவிப் பார்த்தே கொடுக்க வேண்டும். மேலண்ணத்தில் குறுக்காக முள் மாட்டிக்கொண்ட பூனையும் பல் நோகும் பூனையைப் போலத்தான் வீணீர் வடித்துத் தலையை உதறும்.

மீன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் கோழி கொடுங்கள். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு எலும்பும் தோலும் நீக்கிய பச்சைத் தொடையிறைச்சி 150 கிராம், பாதி முட்டை. இறைச்சி மூழ்கும் அளவு மட்டும் நீர் விட்டு, மூடி, மெல்லிய தீயில் 15 நிமிடம் அவித்து, முட்டையை அடித்து ஊற்றி அதுவும் இறுகும் வரை விடுங்கள். உப்பு, மிளகாய், தேங்காய்ப்பால் எதுவும் வேண்டாம். அவித்த நீரைக் கொட்டாதீர்கள். பூனைக்கு இன்றியமையாத டோரின் சத்து அந்த நீரில்தான் இறங்கியிருக்கும். அது குறைந்தால் கண்ணும் இதயத் தசையும் பழுதாகும். இதயத் தசை நோய்க்கு டோரின் குறைபாடு காரணமாகிறது என்று 1987-ல் கண்டறிந்த பிறகுதான் கடை உணவுகளில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். நீரோடு சேர்த்துத் தோசை மாப் பதத்துக்கு அரைத்துவிடுங்கள். சோறு சேர்ப்பதென்றால் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஈரல் வாரம் இருமுறை ஒரு தேக்கரண்டி; அதிகமானால் விற்றமின் ஏ சேர்ந்து கழுத்தெலும்பு இறுகிவிடும். பிரிட்ஜில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சாப்பாட்டில் கல்சியம் போதாது. அதனால் இதை மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்குள் ‘கொம்ப்ளீட்’ உணவை மெல்ல மெல்லக் கலந்து பழக்குங்கள்.

கேள்வி: நோ தாங்காமல் பூனை கத்துகிறது. பனடோல் கால் துண்டு கொடுக்கலாமா? கராம்பு எண்ணெய் தடவலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: இரண்டும் வேண்டவே வேண்டாம். பனடோலில் உள்ள பரசிற்றமோலை முறித்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கால் துண்டும் நஞ்சுதான், முழு மாத்திரை ஒன்று கொன்றுவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், முரசு கபிலமாகவோ நீலமாகவோ மாறும் வரை, முகம் வீங்கும் வரை காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோலும் பூனைக்கு நஞ்சு. மனிதர் பற்பசையும் கூடாது. பூனைக்கென்று நோ மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எடைக்கேற்ப வைத்தியரே அளந்து தருவார்.

கேள்வி: பல் முழுவதையும் பிடுங்க வேண்டும் என்கிறார் வைத்தியர். பல்லில்லாமல் எப்படிச் சாப்பிடும்?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: நன்றாகச் சாப்பிடும். பயந்து தள்ளிப்போடாதீர்கள். வாய் முழுக்க அழற்சியுள்ள பூனைகளில் பெரும்பாலானவை பல் எடுத்த பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்குகின்றன. வயதான பூனையென்றால் மயக்க மருந்துக்கு முன் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வேர் உள்ளே தங்கிவிட்டால் நோவும் தங்கிவிடும் என்பதால் பல் எக்ஸ்ரே வசதி உள்ள இடம் நல்லது. வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் அலைச்சலைப் பார்க்காமல் போய்வாருங்கள்.

பிடுங்கிய பின் 10 முதல் 14 நாள் வரை மசித்த சாப்பாடு மட்டும், சிறு சிறு அளவில் நாளுக்கு ஐந்து ஆறு தடவை கொடுங்கள். தையல் தானாகவே கரைந்துவிடும். வாய்க்குள் சிரிஞ்சால் பீய்ச்ச வேண்டாம், புண்ணில் படும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். முரசு மூடிவிட்டது என்று வைத்தியர் பார்த்துச் சொன்னதும் பழைய உலர் உணவையே சிறு துண்டாக வைத்துப் பாருங்கள். பல பூனைகள் அப்படியே விழுங்கிவிடும்.

கேள்வி: 5 மாதக் குட்டி, சாப்பிடும்போது பல் விழுந்தது. பயமாக இருக்கிறது.
– வாசகி, நிலாவெளி

பதில்: பால்பல் விழுகிற வயதுதான். 26 பால்பல் போய் 30 நிரந்தரப் பல் வரும். ஆறு மாதமளவில் முடிந்துவிடும். அதுவரை உலர் உணவை ஊறவைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் கடந்தும் பழைய வேட்டைப்பல் புதியதோடு ஒட்டி நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் அன்றே அதையும் எடுத்துவிடலாம்.