மலையகத்திலிருந்து தரவு விஞ்ஞானப் பட்டத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தங்கை ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ சித்தி. தரவு விஞ்ஞானம்தான் படிப்பேன் என்கிறாள். நீங்கள் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறீர்கள். அவளை உயர்தரத்துக்குக் கொழும்புக்கே அழைத்து வந்துவிடலாமா, என்ன பாடம் எடுக்க வேண்டும், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

நானும் தலவாக்கலைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள்தான். பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்தேன். இப்போது கொழும்பில் தரவுப் பகுப்பாய்வு செய்து சம்பளம் வாங்குகிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். அழைத்து வராதீர்கள். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பிரிக்கும் விதம் இப்படி: 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்ப, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16இல் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. கொழும்பும் கண்டியும் இல்லை. தங்கை எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று பார்ப்பது பிறந்த ஊரை வைத்து அல்ல, உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் எந்தப் பாடசாலையில் படித்தாள் என்பதை வைத்து. அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை நீங்களே ஒரு முறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். ஹட்டனில் இருந்து எடுத்தால் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விடும் அதே புள்ளி, கொழும்பில் இருந்து எடுத்தால் வீட்டில் இருத்திவிடக்கூடும்.

தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லையென்றால் என்ன செய்வது? எங்கள் பாடசாலையிலும் இல்லை. மாவட்டத்துக்குள்ளேயே நகரப் பாடசாலை ஒன்றைப் பிடிக்க வேண்டியதுதான். நான் இரண்டரை வருடம் ஹட்டனில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். பெரியம்மா வீட்டில் ஏழு பேர், ஒரே ஒரு மேசை. இரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது எனக்குக் கிடைக்கும். அதுவரை அரிசி மூட்டைதான் எனக்கு மேசை.

பாடங்களைப் பொறுத்தவரை, இணைந்த கணிதம் எடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. "தரவு விஞ்ஞானம் கணினிப் படிப்புத்தானே, தொழில்நுட்பப் பிரிவில் போனால் சுலபம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கணினி இதில் கருவி மட்டும்தான். உள்ளே ஓடுவது நிகழ்தகவு, தாயம் (மேட்ரிக்ஸ்), வகையீடு. அவற்றுக்கு அத்திவாரம் போடும் முக்கியமான உயர்தரப் பாடம் இணைந்த கணிதம். கூடவே பௌதிகவியல். மூன்றாவதாக இரசாயனவியலா, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமா என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். பொறியியல் பீடத்துக்கு இரசாயனவியல் கட்டாயம். அதை விட்டால் மொரட்டுவையின் கணினி விஞ்ஞான, பொறியியல் துறைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். அந்தக் கனவு இல்லையென்றால் தகவல் தொழில்நுட்பத்தை எடுக்கலாம், தவறில்லை. ஆனால் நல்ல ஆசிரியர் எந்தப் பாடத்துக்கு இருக்கிறாரோ அதை எடுப்பதுதான் எங்கள் ஊரில் புத்திசாலித்தனம்.

இந்தத் துறை எதைப் பற்றியது என்று தங்கைக்கு விளக்க வேண்டுமானால், பல்கலைக்கழக அனுமதிக்கு வைத்துப் பார்க்கும் இசட் புள்ளியிலிருந்தே தொடங்கலாம். வீட்டுக்கு வீடு அதைப் பேசுகிறோம், எப்படி வருகிறது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறோம். ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியைக் கழித்து, வரும் விடையை, புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படிச் செய்து சராசரி எடுத்தால் அதுதான் இசட் புள்ளி. கடினமான பாடத்தில் 60 எடுத்தவரையும் இலகுவான பாடத்தில் 75 எடுத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்த இது உதவும். ஆனால் 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே கூடையில் போட்டு நிறுத்ததில் பிரச்சினை வெடித்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் அந்தக் கணிப்பை ரத்துச் செய்து மறுபடி கணிக்கச் சொன்னார்கள். சூத்திரத்தில் பிழையில்லை, எந்தத் தரவை எதனோடு சேர்ப்பது என்பதில்தான் பிழை. என் வேலையில் பாதி நாள் இந்தக் கேள்வியோடுதான் கழிகிறது.

இனிப் பல்கலைக்கழகம். பட்டத்தின் பெயரைத் துரத்த வேண்டாம் என்பேன். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் கணினிப் பீடத்தில் தரவு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அது கிடைத்தால் நல்லது. ஆனால் பேராதனையில் புள்ளிவிபரவியலும் செயற்பாட்டு ஆய்வும், கொழும்பில் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும், ருஹுணுவில் நிதிக் கணிதமும் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் என்று வேறு பெயர்களில் இருப்பவையும் இதே வேலைக்குத்தான் ஆட்களைத் தயார் செய்கின்றன. மொரட்டுவையில் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிப்பட்டம் உண்டு. பதுளைப் பக்கம் ஊவா வெல்லஸ்ஸவில் கணினி விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் இருக்கிறது. என்னுடைய அலுவலகத்தில் என்னோடு ஒரே வேலை பார்க்கும் ஆறு பேரில் தரவு விஞ்ஞானம் என்ற பெயரில் பட்டம் வைத்திருப்பவர் ஒருவர்தான். விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதும்போது இந்தப் பெயர்களை எல்லாம் சேர்த்து எழுத வேண்டும். தரவு விஞ்ஞானம் என்ற சொல்லைத் தேடி, அது இல்லாத இடங்களை விட்டுவிட்டு, பிறகு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்? மாலபேயில் உள்ள இலங்கை தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் தரவு விஞ்ஞானம் ஒரு சிறப்புப் பிரிவு. கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்கு மலைதான். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் வரும் பட்டங்களை அந்த ஆண்டு அறிவித்தலில் பாருங்கள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி தரவு விஞ்ஞானப் பட்டமும் ஒரு வழி. நுழைவுக்கு முன் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பரீட்சைகள் நேரில்தான், ஆகவே பரீட்சை நிலையம் எங்கே என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். என் சித்தப்பா மகன் கொழும்பில் ஓர் இடத்தில் 'தரவு விஞ்ஞான டிப்ளோமா' என்று சொல்லி நிறையப் பணம் கட்டினான். ஆறு மாதம் ஒரு மென்பொருளில் வரைபடம் போடக் கற்றுக் கொடுத்தார்கள். நிகழ்தகவு என்ற சொல்லே வரவில்லையாம். இப்போது அவன் தொலைபேசிக் கடையில் நிற்கிறான். தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்குகிறது என்றால், 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தையே கேளுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அடி வாங்கியது அங்கேதான். முதல் வாரம் விரிவுரையாளர் 'வெக்டர், வெக்டர்' என்று பலகை நிறைய எழுதினார். இது என்ன புதுச் சாமான் என்று முழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் காவி, காவி என்று கணக்குச் செய்தவள்! தாயம் மேட்ரிக்ஸ் ஆனது, சார்பு ஃபங்ஷன் ஆனது, மாறற்றிறன் வேரியன்ஸ் ஆனது. எனக்கு எல்லாம் தெரியும், பெயர்தான் தெரியாது. கொப்பியில் நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதி வைத்தேன். மூன்று மாதத்தில் பயம் போனது. தங்கை உயர்தரம் படிக்கும்போதே, ஒவ்வொரு பாட அலகு முடியும்போதும் இந்தக் கொப்பியை எழுதட்டும். இலக்கண வகுப்புக்குக் காசு கொடுப்பதைவிட இது உதவும்.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஆயத்தமான தரவுகள் கிடைக்கும் காகிள் என்ற இணையத்தளத்திலிருந்து அமெரிக்க வீட்டு விலையும் டைட்டானிக் பயணிகளும் எடுத்தார்கள். நான் வீட்டுக் கலண்டரை எடுத்துப் போனேன். அம்மா தினமும் எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தார் என்பதை அந்தந்தத் திகதிக் கட்டத்தில் பென்சிலால் எழுதுவது எங்கள் வீட்டுப் பழக்கம். மாத முடிவில் செக்ரோலோடு, அதாவது தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு வருடக் கலண்டர். கணினியில் ஏற்றினேன். வெறுமையாக இருந்த கட்டங்களுக்கெல்லாம் பூச்சியம் போட்டேன். சராசரி தரையில் விழுந்தது. விரிவுரையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த வெற்றுக் கட்டம் பூச்சியமா, தெரியாததா?"

அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். கட்டம் கட்டமாகக் கேட்டேன். ஒன்று ஞாயிறு. ஒன்று காய்ச்சல். ஒன்று அம்மம்மா செத்த வீடு. இன்னொன்றுக்கு அம்மா சொன்னார், "அன்றைக்குப் பெரட்டுக்குப் போனோம் மகள், மழை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வேலையே கொடுக்கவில்லை." (பெரட்டு என்றால் காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்.) இன்னும் ஒன்று அரைப்பேர் விழுந்த நாள், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள். கோபத்தில் எழுதவே இல்லையாம். மழை நாளில் ஈரத்துக்கென்று நிறுவையில் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதாவது நான் வைத்திருந்த எண்கள் அம்மா பறித்த கொழுந்து அல்ல, எழுதப்பட்ட கொழுந்து. வெற்றுக் கட்டங்களை ஐந்து வகையாகப் பிரித்து, மழை நாளைத் தனியாக வைத்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். வரைபடங்கள் மிகச் சாதாரணம். அந்த ஐந்து வகைப் பட்டியலுக்குத்தான் புள்ளி கிடைத்தது. வேலைக்கு நேர்முகத்தேர்வில் அரை மணி நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

கொழும்பு வங்கிகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மட்டுமே இந்தப் படிப்பு என்று தங்கை நினைக்கக் கூடாது. மண்சரிவு எச்சரிக்கையை எடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருங்கள், 100 என்றால் தயாராகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. எல்லையை மிகக் கீழே வைத்தால் சனம் வீணாகப் பாடசாலை மண்டபத்தில் இரவைக் கழித்துவிட்டு, அடுத்த முறை எழும்ப மாட்டார்கள். மேலே வைத்தால் 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை மூடியதைப் போல ஒரு காலை வரும். எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்பது தரவு விஞ்ஞானத்தின் கேள்வி. அதை லயத்தில் தூங்கிப் பார்த்தவர்களும் கேட்க வேண்டும்.

மடிக்கணினியைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். உயர்தரம் முடியும்வரை வேண்டாம், வாங்கினால் படிப்பு கெடும். பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் சும்மா கிடக்கும். அப்போது பழையது ஒன்று வாங்கினால் போதும். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும், பைதன் என்ற நிரல் மொழியின் தொடக்கப் பாடத்தை அந்த நாட்களில் முடிக்கலாம். கணினி வரும்வரை கைத்தொலைபேசியிலேயே, இணையத்தில் பைதன் ஓட்ட உதவும் கூகுள் கோலாபைத் திறந்து சின்னக் கணக்குகள் செய்து பார்க்கலாம். கண் வலிக்கும், ஆனால் முடியும். தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் எஸ்கியூஎல் மொழி பிறகு. பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் மஹாபொல புலமைப்பரிசிலுக்கு மறக்காமல் விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, அவளைச் சேர்க்க நினைக்கும் நகரப் பாடசாலைக்கு நேரில் போய், இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்காமல், அவர் இடமாற்றம் கேட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அதிபர் சொல்லாவிட்டால் மேல்வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். தெரிந்துகொண்டு இங்கே எழுதுங்கள், மிச்சத்தை அதற்குப் பிறகு பேசலாம்.