கடலுக்கடியில் செய்தி அனுப்பும் படிப்பு: பாம்பன் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் மகள் நீருக்கடியில் ஒலித் தொடர்பு பற்றிப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா, பிள்ளையைக் கப்பலில் ஏற்றிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். பெரும்பகுதி ஆய்வகத்திலும் கணினி முன்னாலும் நடக்கிற வேலை. சோதனை நடக்கும் நாட்களில் மட்டும் கடலுக்குப் போக வேண்டியிருக்கும்.

ரேடியோ அலையை உப்புத் தண்ணீர் கொஞ்ச தூரத்திலேயே உறிஞ்சிவிடும். அதனால் கடலுக்குள் தூரமாகச் செய்தி அனுப்ப ஒலிதான் வழி. தண்ணீரில் அது நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். உங்கள் பாக் விரிகுடா மாதிரி ஆழம் குறைந்த கடலில்தான் சிக்கலே. ஒரே ஒலி நேராக ஒரு தடவை வரும். கடல்மட்டத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பிப் பிந்திப் பிந்தி மறுபடியும் வரும். கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசுவது எதிரொலித்துப் புரியாமல் போகுமே, அது மாதிரி. வாடைக் காற்றில் அலை எழும்பினால் அந்த எதிரொலியும் நிலையாக இருக்காது. போதாததற்கு, வெதுவெதுப்பான கரையோரக் கடலில் ஒரு வகைச் சின்ன இறால் உண்டு. கொடுக்கைப் படாரென்று மூடும்போது ஒரு குமிழி உண்டாகி உடையும். அந்தச் சத்தம் இரவும் பகலும் ஓயாது. இத்தனைக்கும் நடுவே செய்தியைப் பிரித்தெடுக்கும் கணக்கைத்தான் உங்கள் மகள் படிக்க ஆசைப்படுகிறாள். ஆழ்கடல் தரையில் இருக்கும் சுனாமி எச்சரிக்கைக் கருவி மேலே மிதக்கும் மிதவைக்குத் தகவல் சொல்வதும் ஒலியில்தான். 2004-ஐப் பார்த்த கரைக்காரர்களுக்கு இதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, வேலை. இதற்கென்றே உள்ள பணியிடங்கள் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், கொச்சியில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் கடற்படை ஆய்வகம் என்று சில இடங்கள். ஆகவே பி.இ.யில் குறுகலான படிப்பு எதுவும் வேண்டாம், இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) எடுக்கட்டும். கணிதத்திலும், இரைச்சலிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் சிக்னல் பிராசஸிங்கிலும் கை தேறினால் செல்போன், ரேடார், ஸ்கேன் கருவி என்று எந்தப் பக்கமும் போகலாம். அப்புறம் எம்.டெக். சேர்வதற்கான ‘கேட்’ (GATE) தேர்வு எழுதி, அதில் கடல் ஒலியியலுக்குத் திரும்பட்டும். சென்னை ஐஐடியில் கடல் பொறியியல் துறையே இருக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருந்தீர்கள். பொறியியல் கலந்தாய்வில் அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.