கூர்மை வேண்டாம், கல்லைப் பாருங்கள்: பாறை துளைக்கும் கருவிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஆறரை அங்குல போர் போட்டார்கள். ரிக் வண்டிக்காரர் பிட்டை (கல்லைத் துளைக்கும் முனை) காட்டினார். கூராக ஒன்றுமே இல்லை, மொட்டையாகக் குமிழ் குமிழாக இருந்தது. இது எப்படிக் கருங்கல்லை அறுக்கிறது? (வாசகி, திருச்செங்கோடு)

பதில்: அது ஹாமர் பிட் அம்மா. கல்லை அறுக்காது, இடித்துப் பிளக்கும். குழிக்குள்ளேயே பிட்டுக்கு மேல் ஒரு ஹாமர் இறங்குகிறது. கம்ப்ரஸர் காற்று அதன் பிஸ்டனை ஓட்ட, அது நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பிட்டின் தலையில் அடிக்கிறது. நீங்கள் பார்த்த குமிழ்கள்தாம் பட்டன், டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்தவை. ஒவ்வொரு அடிக்கும் பட்டனுக்குக் கீழே உள்ள கல் பொடியாகிறது. அந்தப் பொடி இறுகிப் பக்கத்துக் கல்லை நெட்டித் தள்ளுகிறது. அங்கேதான் விரிசல் ஓடிச் சில்லு தெறிக்கிறது. கருங்கல்லை அழுத்தி உடைப்பது கடினம். இழுத்துப் பிரிக்கவோ, அதில் பத்தில் ஒரு பங்கு விசைகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. கூர்முனை வைத்தால் கல்லுக்கு முன்னால் கார்பைடு உடைந்துவிடும்.

பிறகு ஏன் சுற்றவேண்டும்? பட்டன் அடித்த இடத்திலேயே மறுபடி அடிக்காமல் சற்றுத் தள்ளி விழுவதற்காகத்தான். நிமிடத்துக்கு 20, 30 சுற்று போதும். அதைவிட மெதுவாகச் சுற்றினால் விழுந்த குழியிலேயே விழுந்து கல் மாவாக வரும். வேகமாகச் சுற்றினால் ஓரத்துப் பட்டன்கள் உரசியே தேயும். அடுத்த முறை போர் போடும்போது வெளியே வரும் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். சில்லு கலந்து வந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது.

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பிராஜெக்டுக்கு ஒரு பட்டன் பிட் வடிவமைக்க ஆசை. கம்ப்யூட்டரில் வரைவதை எங்கிருந்து தொடங்குவது? (மாணவர், சேலம்)

பதில்: தம்பி, கம்ப்யூட்டரைக் கொஞ்சநாள் மூடி வையுங்கள். எந்தக் கல்லுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தக் கல் எவ்வளவு அழுத்தம் தாங்கும், பிட்டைத் தேய்க்கும் குவார்ட்ஸ் தாது அதில் எவ்வளவு, வெடிப்பு இருக்கிறதா: இந்த மூன்றும் தெரியாமல் வரைகிற பிட் வெறும் படம். கடினமும் அராவும் குணமும் சேர்ந்த கல்லுக்கு அரைக்கோளப் பட்டன். கல் சற்று மெத்தென்றிருந்தால் துப்பாக்கிக் குண்டின் முனை போல நீண்ட பட்டன் வேகமாக இறங்கும். கார்பைடைப் பிணைக்கும் கோபால்ட் உலோகம் கூடினால் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். குறைந்தால் தேய்மானம் குறையும், ஆனால் உடையும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

அடுத்து, ஓரத்தைக் கவனியுங்கள். 165 மி.மீ. பிட்டில் வெளி விளிம்பை ஒட்டிய 20 மி.மீ. வளையம் மட்டும் குழியின் மொத்தப் பரப்பில் சுமார் 43 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நம்பச் சிரமமாக இருக்கும். ஏறக்குறைய பாதிக் கல்லை உடைப்பதும், குழியின் விட்டத்தைக் காப்பதும், பக்கச் சுவரில் உரசுவதும் அந்த ஓரத்துப் பட்டன்கள்தாம். அவற்றின் எண்ணிக்கையிலும் சாய்விலும் கஞ்சத்தனம் காட்டினால் குழி கீழே போகப் போகச் சிறுத்துவிடும். அப்புறம் புதுப் பிட் இறங்காமல் மாட்டிக்கொள்ளும்.

காற்று வரும் துளைகளையும் தூள் மேலேறும் பள்ளங்களையும் கடைசியில் மிஞ்சிய இடத்தில் வைக்காதீர்கள். உடைந்த சில்லை உடனே வெளியேற்றாவிட்டால் அதையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்போம். ஒரு கன அளவு கல்லை எடுக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கை 1965-இல் டீல் என்ற ஆய்வாளர் துளையிடுதலுக்கு வகுத்துத் தந்தார். தூள் எவ்வளவு நைசாகிறதோ அவ்வளவு டீசல் வீண்.

எல்லாவற்றையும்விட, தேய்ந்த பிட்டுகளைப் போய்ப் பாருங்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் வரைபலகைக்குப் போகும் முன் பழைய பிட் குவியலுக்குத்தான் போவேன். சேலத்திலிருந்து திருச்செங்கோடு பக்கம்தான். இந்தியா முழுக்க ரிக் வண்டி அனுப்புகிற ஊர், குவியலுக்குப் பஞ்சமிருக்காது. பட்டன் தலை தட்டையாகி, அந்தத் தட்டை பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கானால் கிரைண்டிங் செய்தே ஆகவேண்டும். சில பட்டன்கள் தேயாமல் பளபளவென்று இருக்கும். அவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாம்புத் தோல் மாதிரி வலைக்கீறல் தெரியும். அதையும் கிரைண்டிங் செய்யவேண்டும். விட்டால் உள்ளே ஓடிய கீறல் ஒருநாள் பட்டனையே உடைக்கும், உடைந்த துண்டு குழிக்குள் கிடந்து மற்றப் பட்டன்களையும் சிதைக்கும்.

கேள்வி: காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்ட வைரப் பிட் உண்டு என்கிறார்கள். அதையே போர்வெல்லுக்கும் வைத்தால் என்ன? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: உங்கள் பக்கம் நிலத்தடியில் வெகு ஆழத்துக்குப் படிவுப் பாறை: களிப்பாறை, மணற்பாறை. அதைச் செதுக்கி எடுக்கலாம். செயற்கை வைரத் தூளைக் கார்பைடு மேல் அழுத்திச் சுட்டுச் செய்த வில்லைகளை 1970-களில் ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டுவந்தது. அந்த வில்லை தேயாது, ஆனால் இரண்டுக்குப் பயப்படும். ஒன்று அடி. மற்றொன்று சூடு: 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைரத்தின் இடையே உள்ள கோபால்ட் அதிகமாக விரிந்து உள்ளிருந்தே உடைக்கும். நாமக்கல் பக்கத்துக் கருங்கல்லில், ஹாமர் அடியில், அது நிற்காது.

வைரத்துக்கு முன்னால் எண்ணெய்க் கிணறுகளை ஆண்டது உருளும் கூம்புப் பிட், அதாவது பல் வைத்த கூம்புகள் உருண்டு கல்லை நொறுக்கும் பிட். 1909-இல் ஹோவர்ட் ஹியூஸ் (விமானப் புகழ் ஹியூஸின் தகப்பனார்) இரட்டைக் கூம்புக்குக் காப்புரிமை பெற்றார். டெக்சாஸின் கூஸ் க்ரீக்கில் அது 14 அடி கடினப் பாறையை 11 மணி நேரத்தில் துளைத்தது. மூன்று கூம்பு 1933-இல் வந்தது. அதை வரைகிறவரின் தலைவலியை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது. பல்லை நீளமாக்கினால் கூம்பின் சுவர் மெலியும், சுவரைத் தடித்தால் உள்ளே பேரிங்குக்கு இடமில்லை. குழியின் விட்டத்தையோ ஒரு நூல்கூட அதிகமாக்க முடியாது.

கேள்வி: சென்னை மெட்ரோ சுரங்க இயந்திரத்தின் முகத்தில் வட்டத் தகடுகள் இருக்கின்றனவே, அவை மோட்டாரில் சுழல்கின்றனவா? (வாசகர், சென்னை)

பதில்: இல்லை. முகம்தான் மோட்டாரில் சுழல்கிறது. தகடுகள் பாறையில் அழுந்தித் தாமாக உருள்கின்றன. 17 அங்குலத் தகடு ஒன்று ஏறக்குறைய 25 டன் சுமை தாங்கும். அடுத்தடுத்த இரு தடங்களிலிருந்து புறப்படும் விரிசல்கள் நடுவில் சந்தித்தால் அங்குள்ள கல் பலகை பலகையாகக் கழன்று விழும். தடங்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் விடுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை முழுக்க இருக்கிறது. வெறும் தகடுகளையே நம்பிப் பாறையைக் குடையலாம் என்று 1950-களில் டொராண்டோவின் ஹம்பர் ஆற்றுச் சுரங்கத்தில் ஜேம்ஸ் ராபின்ஸ் காட்டினார்.

சென்னையின் சங்கடம் வேறு. முகத்தின் மேல்பாதியில் களிமண், கீழ்பாதியில் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை என்று வரும். சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு தகடும் மண்ணிலிருந்து பாறை விளிம்பில் போய் மோதும். களிமண் அப்பிக்கொண்டு உருளாமல் நின்ற தகடு ஒரே பக்கம் தேய்ந்து தட்டையாகும். அதன்பின் உருளவே உருளாது. அதனால் இத்தகைய இடத்துக்கான இயந்திரங்களில் மண்ணை வழிக்கும் பற்களைவிடத் தகடுகளைச் சற்று முன்தள்ளி வைப்பார்கள், பாறை முதலில் தகட்டைச் சந்திக்கவேண்டும் என்று. தேய்ந்த தகட்டை முகத்தின் பின்புறமிருந்தே கழற்றி மாட்டும்படியும் செய்வார்கள், ஆட்கள் பாறைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.