மழைநீர் தேங்கும் களிமண் முற்றத்தில் மணல் கொட்டலாமா?

மணல் போடாதீர்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் நீர் வடியாது. காய்ந்ததும் செங்கல் போல இறுகிவிடும். கொழும்பு கிருலப்பனையில் மழை விட்டு இரண்டு நாளாகியும் உங்கள் புல்தரையில் தண்ணீர் நிற்கிறது என்றால், வீடு கட்டும்போது லொறி ஏறி இறங்கி மண் நெரிந்திருக்கக்கூடும்.

ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 1 அங்குலத்துக்கும் குறைவென்றால், அலவாங்கால் அரை அடிக்கு ஒரு துளை குத்தி, கொம்போஸ்ட் பசளையால் நிரப்புங்கள். மண் சொதசொதவென்று இருக்கும்போது குத்த வேண்டாம். துளையின் சுவர் மெழுகிவிட்டது போல் அடைபடும். (நான் அப்படிச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவன்.)

ஆனால், நீங்கள் ஊற்றாமலே குழியில் நீர் ஊறினால் நிலத்தடி நீர் மேலே நிற்கிறது. கால்வாய்ப் பக்கத்துக் காணிகளில் இது சகஜம். அங்கே பசளை உதவாது; பாத்தியை உயர்த்துங்கள்.