துபாய்ச் சம்பளத்துக்குள் உங்கள் முதுமையும் இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கைக்கு வருவது 58,000 ரூபாய். வீட்டுச் செலவும் ஊருக்கு அனுப்புவதும் சேர்த்து 36,000, வீட்டுக் கடன் இஎம்ஐ 19,000. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, அம்மாவுக்குச் சர்க்கரை. இருவரும் சங்கரன்கோவில் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். நிலம் விற்ற 12 லட்சம் அப்பா பெயரில் பேங்கில் கிடக்கிறது. "அதை வாங்கி லோனை அடைச்சிடுப்பா" என்கிறார். மனைவி பி.எட். முடித்தவர், வேலைக்குப் போகவில்லை. ஒரே மகள், வயது 9. துபாயில் 6,000 திர்ஹாம் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது, ரூபாயில் சுமார் 1.4 லட்சம். தங்க இடம் கம்பெனி தரும். நான் மட்டும் போகலாம் என்று நினைக்கிறேன். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் 1.4 லட்சம் முழுவதையும் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

மக்கள்தொகை ஆய்வில் சார்பு விகிதம் என்று ஒன்று உண்டு. 15 முதல் 59 வயது வரை உள்ள 100 பேரை நம்பி, அதற்குக் கீழும் மேலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு. உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தால் நீங்களும் மனைவியும் ஒரு பக்கம். அப்பா, அம்மா, மகள் மறுபக்கம். 100-க்கு 150 வருகிறது. அதிலும் உங்கள் மனைவியை உழைக்கும் வயது என்றுதான் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது, சம்பளம் வருகிறதா என்று கேட்பதில்லை. உண்மையில் ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர். மாதக் கடைசியில் 3,000 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றால் அதற்கு உங்கள் ஊதாரித்தனம் காரணமில்லை.

இனி துபாய். ஒவ்வொரு வயதிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் எனக் காட்டும் வயதுப் படத்தை வளைகுடா நாடுகளுக்குப் போட்டுப் பார்த்தால் 25-லிருந்து 50 வரை ஆண்கள் பக்கம் மட்டும் வயிறு புடைத்தாற்போல் இருக்கும். வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களால் வந்த புடைப்பு அது. உங்களைப் பெற்று வளர்த்துப் படிக்கவைத்த செலவு சங்கரன்கோவில் கணக்கில். நாளை நீங்கள் முதியவராகும் செலவும் அங்கேதான். நடுவில் இருக்கும் உழைக்கும் வருஷங்களை மட்டும் துபாய் வாங்கிக்கொள்கிறது. வேலை முடிந்தால் விசாவும் முடியும், பென்ஷன் கிடையாது. வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி உண்டு: முதல் 5 வருஷங்களுக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். கவனியுங்கள், அடிப்படைச் சம்பளம் மட்டும், படிகள் சேராது. உங்கள் 6,000-இல் அடிப்படை 3,000 என்று போட்டிருந்தால் 5 வருஷத்துக்கு மொத்தம் 10,500 திர்ஹாம். ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய். உங்கள் முதுமைக்கு அந்த ஊர் தருவது அவ்வளவுதான். இங்கே மாதாமாதம் முதலாளி போடும் பிஎஃப் பங்கும் நின்றுவிடும். கையெழுத்துப் போடுமுன் ஆஃபர் லெட்டரில் அடிப்படை எவ்வளவு என்று பாருங்கள். கூட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். சாப்பாடு, போன், சில்லறைச் செலவுக்கு அங்கே 28,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். இங்கே வீட்டுக்கு 40,000. நீங்கள் இல்லாத வீட்டில் ஆள் வைத்துச் செய்யும் வேலைகள் கூடும், அதனால் குறையாது. இஎம்ஐ 19,000. மிச்சம் 53,000. இதில் 30,000 உங்கள் முதுமையின் பங்கு, அதைத் தொடவே கூடாது. ஐந்து வருஷத்தில் அசல் மட்டுமே 18 லட்சம் சேரும். மீதி 23,000-தான் உண்மையில் உங்கள் கையில் மிஞ்சுவது. அதற்காகக் குடும்பத்தை விட்டுப் போக மனம் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

முதுமைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்கிறீர்களா? 2011 சென்சஸில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-இல் அது 18.2 சதவீதம் ஆகும் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. நமக்கு மேலே கேரளா மட்டும்தான். 2019-21 குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். உங்களுக்கு 65 ஆகும்போது மகளுக்கு 35. மாப்பிள்ளையும் ஒரே பிள்ளையாக இருந்துவிட்டால் அந்த இருவர் தலையில் நான்கு பெரியவர்கள். மகளை உங்கள் பென்ஷனாக நினைக்காதீர்கள்.

அதே காரணத்துக்காகத்தான் அப்பாவின் 12 லட்சத்தையும் தொடவேண்டாம் என்கிறேன். லோன் உங்களுடையது, அதை நீங்கள் அடைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் 2 லட்சத்தை ஆத்திர அவசரத்துக்கு பேங்கில் விட்டுவிட்டு, 10 லட்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில், அம்மாவையும் ஜாயின்டாகச் சேர்த்துப் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். பிள்ளையிடம் கேட்காமல் மாத்திரை வாங்க முடிகிற பெரியவர்களின் முகமே தனி.

வேலையை விட்டால் கம்பெனி மருத்துவக் காப்பீடு போய்விடும். பெற்றோருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பதிந்துவையுங்கள். அதற்கு மேல் அம்மாவுக்குத் தனிப் பாலிசியும் எடுங்கள். சர்க்கரையை மறைக்காதீர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம்தான், ஆனால் மறைத்தது தெரிந்தால் க்ளெய்மே போய்விடும். உங்களுக்கு ஒரு கோடிக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது உங்களுக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, ஒன்று எடுங்கள். போனதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வரும் பணத்துக்கு வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றி, அங்கிருந்து சம்பளம் அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒன்று தொடங்குங்கள். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஏன் ஊர் மாறினீர்கள் என்று சென்சஸில் கேட்டால் நம் பெண்களில் பெரும்பாலோர் சொல்லும் பதில் கல்யாணம். உங்கள் மனைவியும் அப்படித்தான் திருப்பூர் வந்திருப்பார். நீங்கள் போனபின் மகளின் படிப்பு, திடீரென்று ஊரிலிருந்து வரும் போன், ஆஸ்பத்திரி ஓட்டம் எல்லாம் அவர் தலையில்தான் விழும். அந்த 23,000-இல் 8,000-ஐ மாதாமாதம் அவர் பெயரில் போடுங்கள். பக்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்து அவர் போக விரும்பினால், வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டாவது சம்பளம் ஒன்று வந்துவிட்டால், 44 வயதில் திரும்பி வந்து குறைந்த சம்பளத்துக்கு இங்கே வேலை தேடுவதும் அவ்வளவு பயமாக இருக்காது.

ராஜினாமா கடிதத்தை மட்டும் அம்மாவின் பாலிசி கைக்கு வந்தபிறகு கொடுங்கள்.