பழைய ட்ரக்கின் பின்கண்ணாடியில் துப்பாக்கி ஸ்டிக்கர்: உரிப்பதா, விடுவதா?

கேள்வி: டெக்சஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன். எச்-1பி விசா. டீலரிடம் பழைய பிக்கப் ட்ரக் ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்கண்ணாடியில் ஒரு கைத்துப்பாக்கி கம்பெனியின் லோகோ, பக்கத்தில் ஏ.ஆர்-15 ரைஃபிள் படம், பம்பரில் கோன்சாலஸ் பீரங்கிக் கொடி. எல்லாம் பழைய ஓனர் ஒட்டியவை. "இருக்கட்டும், திருடன் பயந்து கிட்டவே வரமாட்டான்" என்கிறார் அபார்ட்மென்ட் நண்பர். "இதைப் பார்த்துத்தான் வருவான்" என்கிறார் மனைவி. எங்களிடம் துப்பாக்கியே கிடையாது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இந்த வார இறுதியிலேயே உரித்துவிடுங்கள்.

வண்டிக்குள் ஆள் உட்கார்ந்திருந்தால் நண்பர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் காரை உடைப்பவன் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறான். ஆளில்லாத வண்டியில் அந்த லோகோ யாரையும் மிரட்டாது. உள்ளே என்ன கிடைக்கக்கூடும் என்பதை மட்டும்தான் சொல்லும். லேப்டாப்பைத் திருடினால் பாஸ்வேர்டு, டிராக்கிங் என்று தொல்லை. கைத்துப்பாக்கி சட்டைக்குள் அடங்கும், அன்றைக்கே காசாகும். அதனால்தான் திருடர்கள் அதைத் தேடுகிறார்கள்.

ஸ்டிக்கரைவிட, ஸ்டிக்கரோடு வண்டி எங்கே நிற்கிறது என்பதில்தான் ஆபத்து அதிகம். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதான பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம். ஆனால் பள்ளிக்கூடம், விளையாட்டுப் போட்டி நடக்கும் இடம், வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மது விற்பனையிலிருந்து வரும் பார் ஆகியவற்றுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அப்படியானால் வந்தவர் துப்பாக்கியை எங்கே விட்டுவிட்டுப் போவார்? காரில்தான். இது அங்கே திருடுபவனுக்கும் தெரியும். ஸ்டேடியம் பார்க்கிங்கில் நூறு ட்ரக் நிற்கும்போது எந்தக் கண்ணாடியை முதலில் உடைப்பது என்று அவன் யோசிக்க வேண்டாம். உங்கள் பின்கண்ணாடியே சொல்லிவிடும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் கண்ணாடிச் செலவு உங்கள் தலையில்.

ஸ்டிக்கரைப் பார்த்து எத்தனை திருட்டு நடக்கிறது என்று சதவீதக் கணக்கு சொல்பவர்களை நம்பாதீர்கள். திருட்டுப் புகாரில் வண்டியின் ஸ்டிக்கரைக் குறிக்கத் தனிக் கட்டம் கிடையாது. ஆள் நடமாட்டம் குறைந்த பார்க்கிங்கில் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, பூட்டாததைத் திறப்பவர்களே ஏராளம். அவர்கள் ஸ்டிக்கர் படிப்பதில்லை. ஆகவே ஸ்டிக்கரை எடுத்துவிட்டோம் என்று கதவைப் பூட்டாமல் போய்விடாதீர்கள்.

பீரங்கிக் கொடி கொஞ்சம் வேறு ரகம். 1835-இல் மெக்சிகோ ராணுவம் ஊர்ப் பீரங்கியைத் திருப்பிக் கேட்டபோது 'வந்து எடுத்துக்கொள்' என்று கோன்சாலஸ் மக்கள் பிடித்த கொடி அது. துப்பாக்கியே இல்லாத டெக்சஸ்காரர்களும் ஊர்ப் பெருமைக்காக ஒட்டுகிறார்கள். பிஸ்டல் லோகோ அளவுக்கு அது எதையும் காட்டிக்கொடுக்காது. பிடித்திருந்தால் விடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் ஸ்டிக்கரைவிட முக்கியமான ஒரு விஷயம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. தோட்டாவுக்கும் இதே தடைதான். தெரிந்து வைத்திருந்தால் 15 ஆண்டு வரை சிறை, விசாவும் கையைவிட்டுப் போகும். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை.

பழைய ஓனர் துப்பாக்கிப் பிரியர் என்று கண்ணாடியே சொல்கிறது. அப்படிப்பட்டவர் வைத்திருந்த ட்ரக்கில் ஒன்றிரண்டு தோட்டா எங்காவது உருண்டு கிடப்பது சகஜம். டார்ச் அடித்துச் சீட் தண்டவாளத்துக்கு அடியில், கன்சோலின் ரப்பர் விரிப்புக்குக் கீழே, பின்சீட்டைத் தூக்கினால் தெரியும் பள்ளத்தில், ஜாக்கி வைக்கும் இடத்தில் பாருங்கள். கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள், எடுத்தும் வைக்காதீர்கள். அவசரமில்லாத அழைப்புகளுக்கான போலீஸ் எண்ணில் கூப்பிட்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இதே ட்ரக்கில் மெக்சிகோ எல்லையைத் தாண்டும் எண்ணம் இருந்தால், இதைச் செய்யாமல் கிளம்பவே கூடாது. ஒற்றைத் தோட்டா வண்டியில் இருந்தாலும் அங்கே பெரிய வழக்கு. இனி வாங்கப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே டீலர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கரையும் அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

உரிக்கும் விதம்: ஹேர் டிரையரால் சூடாக்கி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால் மீதிப் பசையை பிளேடால் சுரண்டலாம். உள்பக்கம் என்றால் பிளேடே கூடாது, கண்ணாடியைச் சூடாக்கிப் பனி நீக்கும் டீஃப்ராஸ்டர் கோடுகள் அறுந்துவிடும். பெயின்ட் மேல் பிளாஸ்டிக் அட்டை மட்டும்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன் நான். சட்டப்படி 600 டாலருக்கு வாங்கிய பிஸ்டல் இருக்கிறது. ஆபீஸுக்குள் அனுமதி இல்லாததால் காரின் டேஷ்போர்டிலுள்ள க்ளவ் பாக்ஸில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன். காரில் ஒட்டியிருக்கும் ஷூட்டிங் ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் பயிற்சியிடம்) ஸ்டிக்கரை எடுத்தால் போதுமா? திருடு போனால் கார் இன்சூரன்ஸ் தருமா?

பதில்: போதாது. ஆபீஸ் பார்க்கிங்கில் பூட்டிய சொந்தக் காரில் ஊழியர்கள் துப்பாக்கி வைக்க 2011-இலிருந்து டெக்சஸ் சட்டம் இடம் கொடுக்கிறது, ஒருசில இடங்கள் தவிர. ஆனால் க்ளவ் பாக்ஸ் பூட்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. சிறிய இரும்புப் பெட்டி வாங்கி, அதன் கேபிளைச் சீட்டின் அடிச்சட்டத்தில் சுற்றிப் பூட்டுங்கள். பெட்டிக்குள் வைப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பார்க்கிங்கில் வைத்து மாற்றுவதை யாராவது பார்த்தால் அதுவும் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரிதான். இரவில் ஒருநாளும் காரில் விடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2017 முதல் 2021 வரை அமெரிக்காவில் தனிநபர்களிடமிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல். 2015 ஜூன் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி நில நிர்வாகத் துறை அதிகாரி ஒருவரின் காரை உடைத்து, பையிலிருந்த பிஸ்டலைக் கொண்டுபோனார்கள். ஜூலை 1 அன்று அங்குள்ள 14-ஆம் எண் துறைமுக மேடையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த இளம்பெண் அதே பிஸ்டலின் குண்டு பட்டு இறந்தார். பயிற்சி பெற்ற அதிகாரியின் காருக்கே அந்தக் கதி. ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2017 முதல் எல்லோருக்கும் சட்டம் இருக்கிறது. டெக்சஸ் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீங்கள் அப்படியே செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். கார் பாலிசியின் காம்ப்ரிஹென்சிவ் பகுதி உடைந்த கண்ணாடிக்குத்தான். உள்ளேயிருந்த சாமானுக்கு வீட்டு இன்சூரன்ஸிலோ வாடகைதாரர் இன்சூரன்ஸிலோ கேட்க வேண்டும். அங்கேயும் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு உண்டு, பல பாலிசிகளில் 2,500 டாலர். உங்கள் டிடக்டபிள், அதாவது முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 டாலர் என்றால் 600 டாலர் பிஸ்டலுக்கு ஒரு காசும் வராது.

இன்றைக்கே சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, காருக்கு வெளியே வேறெங்காவது வையுங்கள். திருடு போனால் அந்த எண்ணோடு அன்றே போலீஸில் புகார் கொடுங்கள். தேசியக் குற்றப் பதிவில் அது ஏறிவிட்டால், பிற்பாடு அந்தத் துப்பாக்கி ஏதாவது வழக்கில் சிக்கும்போது உங்கள் கதவைத் தட்டுகிறவர்களிடம் காட்டப் புகார் எண் இருக்கும். இன்சூரன்ஸ்காரரும் முதலில் அதைத்தான் கேட்பார்.