மியூச்சுவல் கன்சென்ட்ல டைவர்ஸ் வாங்குறோம், 7 வயசுப் பொண்ணு என்கூட இருப்பா. அவ அப்பா வந்து பாக்குறதைப் பத்தி பெட்டிஷன்ல என்ன எழுதணும்?

நாள், நேரம், இடம் எல்லாத்தையும் பிச்சு பிச்சு எழுதிருங்க. "இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்"னு வக்கீல் ஒரே வரியில டைப் பண்ணிக் குடுத்தா கையெழுத்து போடாதீங்க. இன்னைக்கு சுமுகமாத்தான் இருப்பீங்க, நாளைக்கு ஒருத்தர் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாலோ வேலை மாறிப் போனாலோ அப்புறம் யாரு உக்காந்து பேசுறது?

எங்க கேஸையே சொல்றேன், எனக்கு ஒரு பையன். நான் திருச்சி, அவன் அப்பா கோயம்புத்தூர். ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலைல 10 மணிக்கு எங்கம்மா வீட்ல வந்து பையனைக் கூட்டிட்டுப் போகணும், ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குக் கொண்டாந்து விடணும், தீபாவளி ஒரு வருஷம் அங்க ஒரு வருஷம் இங்க, பொங்கல் அதுக்கு நேர்மாறா, மே லீவுல பாதிப் பாதி, காய்ச்சல்னு ஒரு வாரம் போகலைன்னா அடுத்த வாரம் ஈடு பண்ணணும், ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டுறது, இப்படி எல்லாமே எழுதியிருக்கோம். ஃபோனையும் சேத்துக்கோங்க. 2020ல யஷிதா சாஹு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே, பிள்ளை கூட இல்லாத அப்பாவோ அம்மாவோ தினம் 5, 10 நிமிஷமாவது பேச உரிமை வேணும்னு சொல்லியிருக்கு. எங்க வீட்ல ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் வீடியோ கால், அந்த நேரத்துல நான் அடுப்படிக்குப் போயிருவேன்.

ஜீவனாம்சப் பணம் லேட்டானா பிள்ளையைக் காட்டமாட்டேன்னு மட்டும் நிக்காதீங்க, பணத்துக்குத் தனியா மனு போட வழி இருக்கு. அவளுக்கு அப்பா வேணும்ங்க.

போற பைல எங்க பையனோட பழைய தலகாணி உறையை மடிச்சு வெச்சிருவேன், அது இல்லாம அவனுக்குத் தூக்கம் வராது. திரும்பி வந்ததும் எங்கம்மா "அங்க யாரு வந்தா, என்ன சொன்னாங்க"ன்னு ஆரம்பிச்சா முகம் சுண்டிப்போயிரும். இனிமே கேக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். உங்க வீட்ல பெரியவங்ககிட்டயும் முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க.

பொண்ணு வளர வளர ஏற்பாடு ஒத்துவரலைன்னா, நீங்க இந்து திருமணச் சட்டத்துல பண்றதா இருந்தா 26வது பிரிவுல மனு போட்டு டைவர்ஸுக்கு அப்புறமும் மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு வாய்ப்பு இருக்கு, முதல் மனுவுக்கும் ரெண்டாவது மனுவுக்கும் நடுவுல பொதுவா 6 மாசம் காத்திருக்கச் சொல்லுவாங்கல்ல, அந்த 6 மாசமும் நீங்க எழுதினபடியே நடத்திப் பாருங்க, எது இடிக்குதோ அதை ஃபைனலுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட சொல்லித் திருத்திக்கோங்க.